கேஸ் கட்டு செல்போனில் ஏறிவிட்டது. கூலிச் சீட்டு எங்கே?

போடிநாயக்கனூர்,–

விடியுமுன் போடியில் ஜீப்புகள் கிளம்பிவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் இவை. வீடு தமிழ்நாட்டில், வேலை கேரளாவில்!

இந்தத் தொழிலாளிகளுக்குக் கூலி பாக்கி, விபத்து, வேலை நீக்கம் என்று ஏதாவது வந்தால் வழக்கும் இரண்டு மாநிலங்களில் கால் வைக்கிறது. இப்படிப்பட்ட கட்டுகளைச் சமாளிக்கத் தொழிலாளர் வக்கீல்களுக்குக் கம்ப்யூட்டரும் செல்போனும் கை கொடுக்கின்றன. ஆனால் அவற்றாலும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது.

வழியில் விபத்து

தோட்டத்துக்குள் அடிபட்டால் நஷ்டஈடு உண்டு. போகிற வழியில் அடிபட்டால்? பல காலம் இழுபறியாக இருந்த கேள்வி இது.

மராட்டிய மாநிலத்தில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர், 2003 ஏப்ரல் 22-ந் தேதி அதிகாலை வேலைக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார். ஆலைக்கு 5 கிலோ மீட்டர் தூரத்தில் விபத்தில் இறந்துபோனார். குடும்பத்துக்கு நஷ்டஈடு உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது 2025 ஜூலை 29-ந் தேதி. 22 வருடம் ஆயிற்று! வேலைக்கும் அந்தப் பயணத்துக்கும் நேரம், இடம், சூழ்நிலையில் தொடர்பு இருந்தால், வீட்டுக்கும் வேலை இடத்துக்கும் நடுவே நடக்கும் விபத்தும் வேலையில் நடந்த விபத்தே என்பது தீர்ப்பின் சாரம்.

2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த சமூக பாதுகாப்பு சட்டத் தொகுப்பிலும் இதே விதி இருக்கிறது. ஜீப்பில் மலை ஏறும் போடிக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். 2023 ஆகஸ்டு 25-ந் தேதி வயநாட்டில் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள் வந்த ஜீப் பள்ளத்தில் விழுந்து 9 பெண்கள் இறந்ததை யாரும் மறக்கவில்லை.

வக்கீல் ஆபீசுக்கோ வேலை இரட்டிப்பு. 29 சட்டங்கள் 4 தொகுப்புகளாகிவிட்டன. பழைய விபத்துக்குப் பழைய சட்டம், புது விபத்துக்குப் புதுச் சட்டம். தேதி பார்த்துக் கட்டைப் பிரிக்க வேண்டும். 1923-ம் ஆண்டு சட்டப்படி நஷ்டஈடு மனுவுக்கு 2 ஆண்டு கெடு. குமாஸ்தாவின் டைரியில் ஒரு தேதி தவறினால் குடும்பம் தெருவில் நிற்கும். அந்தக் கெடுவைக் கம்ப்யூட்டர் முன்கூட்டியே மணி அடித்துச் சொல்லிவிடும்.

வாய்தா

"ஐயா, நம்ம கேஸு என்னாச்சு?" என்று கேட்டுவர முன்பெல்லாம் ஒரு நாள் கூலியை விட வேண்டும். இப்போது கோர்ட்டு வழக்கு ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் இலக்கமுமாக 16 இடம் கொண்ட சி.என்.ஆர். எண் இருக்கிறது. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா, போன வாய்தாவில் நடந்தது, உத்தரவு எல்லாம் தெரியும். காசு கிடையாது. வக்கீல் தன் எல்லா வழக்குகளையும் அதிலேயே சேர்த்து வைத்து, தினமும் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு சலுகை பலருக்குத் தெரியாது. விபத்து கேரளாவில் நடந்திருந்தாலும், குடும்பம் குடியிருக்கும் பகுதியின் அதிகாரியிடமே நஷ்டஈடு மனு போடச் சட்டம் இடம் தருகிறது. அப்பீல் என்றால் ஐகோர்ட்டு. தேனி மாவட்டத்துக்கு அது 2004-ல் திறந்த மதுரை கிளை.

பாதியாகும் பணம்

இனித்தான் சிக்கல். மரண நஷ்டஈட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. மாதக் கூலியில் பாதியை, வயதுக்கு உரிய எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17.

மாதம் ரூ.12 ஆயிரம் கூலி என்று நிரூபித்தால் ரூ.11 லட்சத்து 5 ஆயிரத்து 20. ரூ.6 ஆயிரம்தான் நிரூபணம் ஆனால் ரூ.5 லட்சத்து 52 ஆயிரத்து 510. பாதி போச்சு! பெருக்கல் கணக்கைக் கம்ப்யூட்டர் கண் இமைக்கும் நேரத்தில் போட்டுவிடும். கூலி எவ்வளவு என்பதை அதனிடம் யார் சொல்வது?

செக்ரோலில் பெயர் இருந்தால் கவலை இல்லை. பெயர் ஏறாத தினக்கூலிக்குச் செல்போன்தான் சாட்சி. கூலி வந்த பணப் பரிமாற்றம், கங்காணி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, ஜீப்பில் எடுத்த படம் எல்லாமே உதவும். ஆனால் 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவு, இவற்றைக் கோர்ட்டில் வைக்கச் சான்றிதழ் கேட்கிறது. வெறும் பிரிண்ட் எடுத்து நீட்டினால் போதாது. ஆகவே பழைய போனை விற்கவோ, செய்திகளை அழிக்கவோ கூடாது.

இல்லாத தீர்ப்பு

மலையாள நோட்டீசு வந்தால் செல்போனே தமிழாக்கித் தருகிறது. விவரம் புரிந்துகொள்ள அது போதும். கையெழுத்துப் போட அது போதாது. வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும்.

செயற்கை நுண்ணறிவை நம்பி மோசம்போன வக்கீல்களும் உண்டு. 2023-ல் அமெரிக்காவின் நியூயார்க் கோர்ட்டில், அது கற்பனையாகச் சொன்ன தீர்ப்புகளை அப்படியே எழுதிக் கொடுத்ததால் 5 ஆயிரம் டாலர் அபராதம்! கேரள ஐகோர்ட்டும் 2025 ஜூலையில், கீழ்க் கோர்ட்டுகள் தீர்ப்பு எழுத அதைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி வகுத்தது.

எழுதி வையுங்கள்

போடியிலும் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது. அங்கே ஏலக்காய் லாட்டு ஒவ்வொன்றுக்கும் நம்பர், எடை, விலை என்று கம்ப்யூட்டரில் பதிவு உண்டு. அதைப் பறித்தவரின் வேலை நாளுக்கும் அப்படி ஒரு பதிவு இருந்தால் பாதி வழக்கு ஆரம்பத்திலேயே முடிந்துவிடும்.

அது வரும்வரை ஒரு நோட்டு போதும். வேலைக்குப் போன தேதி, தோட்டத்தின் பெயர், வாங்கிய கூலி, ஏறிய ஜீப்பின் நம்பர். தினமும் நாலு வரி எழுதி வைத்தால், வக்கீலின் கம்ப்யூட்டருக்கு வேலை இருக்கும். வீட்டில் ஒருவரிடம் அந்த நோட்டு இருக்கும் இடத்தையும் சொல்லி வைக்க வேண்டும்.