வானூர்தி உலோகப் பரப்பின் அரிமானக் காப்பு: கலைச்சொல் நோக்கு

1. முன்னுரை

இரும்பில் தோன்றுவதைத் துரு என்றும் செம்பில் படிவதைக் களிம்பு என்றும் வேறுபடுத்திக் கூறுவது தமிழ் மரபு. ஆணவ மலத்தை விளக்கச் சைவ சித்தாந்தம் செம்பின் களிம்பை உவமையாக்கியது அறிஞர் அறிந்ததே. பின்னாளில் வந்த அலுமினியத்திற்கு இத்தகைய தனிச்சொல் அமையவில்லை. ஆனால் வானூர்தி உடற்பகுதி நெடுங்காலமாகப் பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோகத்தாலேயே ஆக்கப்பட்டு வந்துள்ளது. அதன் பராமரிப்பு நூல்களைத் தமிழாக்க முற்படுவோருக்குத் துரு, நேர்மின்முனை ஆகிய இரு சொற்களும் விளைக்கக்கூடிய பொருள் மயக்கத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. துருவும் அரிமானமும்

இரும்புத் துரு செந்நிறமானது, பொரிந்து உதிர்வது. உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்பட்டு மீண்டும் துருப்பிடிக்கும். அலுமினியமோ காற்றுப் பட்டவுடன் சில நானோமீட்டர் தடிப்புள்ள ஆக்சைடுப் படலத்தால் தன்னை மூடிக்கொள்கிறது. உலோகத்தை இறுகப் பற்றும் அப்படலமே அதற்குக் காப்பு. கடற்காற்றின் உப்பு அதனைத் துளைக்கும்போது உலோகத்தில் குழிகள் விழுகின்றன. வெண்மையான அல்லது சாம்பல் நிறமான தூள் வெளிப்படுகிறது.

இந்நிலையில் 'துரு உள்ளதா எனப் பார்க்க' என்று மொழிபெயர்த்தால், படிப்பவர் செந்நிறத்தைத் தேடி வெண்தூளைக் கவனியாது விடக்கூடும். 'துருவைத் தேய்த்து நீக்குக' என்றாலோ இரும்புக்குரிய எஃகு நாரைக் கையில் எடுக்கக்கூடும். எஃகுத் துகள்கள் அலுமினியத்தில் பதிந்தால் அவையே புதிய அரிமானத்தைத் தூண்டும்.

இது சொல்லளவில் நிற்கும் சிக்கலன்று. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 வானூர்தியின் மேற்கூரையில் ஏறத்தாழ 5.5 மீட்டர் நீளப் பகுதி பறக்கும்போதே பெயர்ந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். தகடுகளின் மேற்படி இணைப்பில் ஒட்டு விட்டமையும், அரிமானமும், தறையாணித் துளைகளில் தோன்றிய களைப்பு வெடிப்புகளும் பராமரிப்பின்போது கண்டறியப்படவில்லை.

3. காப்பு முறைகள்

கலப்புலோகத்தில் சேர்க்கப்படும் செம்பு வலிமையைக் கூட்டுகிறது. அரிமானத்தைத் தாங்கும் ஆற்றலைக் குறைக்கிறது. இக்குறையை நீக்க இரு வழிகள் பிறந்தன. இங்கிலாந்தில் 1923-இல் பெங்கோ, ஸ்டூவர்ட் இருவரும் குரோமிக் அமிலக் கரைசலில் அலுமினியத்தை மின்கலத்தின் நேர்முனையோடு இணைத்து, ஆக்சைடுப் படலத்தைத் தடிப்பாக வளர்த்தனர். கடல் வானூர்தி உறுப்புகளைக் காப்பதே இதன் நோக்கம். 1927-இல் அமெரிக்காவில் அறிமுகமான ஆல்கிளாட் தகட்டில் வலிய கலப்புலோகத்தின்மேல் தூய அலுமினியம் மெல்லிதாகப் போர்த்தப்பட்டது. கீறல் விழுந்தாலும் மேற்போர்வை தான் முதலில் கரைந்து உள்ளுலோகத்தைக் காக்கும்.

4. 'நேர்மின்முனை' தரும் மயக்கம்

இவ்விரு முறைகளிலும் ஆக்சிஜனேற்றம் அடையும் உலோகத்தை ஆங்கில நூல்கள் ஆனோடு என்றே குறிக்கும். 1834-இல் ஃபாரடே கிரேக்க வேரிலிருந்து ஏற்ற அச்சொல்லுக்கு 'மேலேறும் வழி' என்பதே பொருள். நேர், எதிர் என்னும் குறிப்பு அதில் இல்லை. தமிழ்ப் பாடநூல்கள் வழங்கும் 'நேர்மின்முனை' மின்குறியைச் சொல்லுக்குள்ளேயே கொண்டுவந்து விடுகிறது. வெளிமின்சாரம் பாய்ச்சும் பெங்கோ முறைக்கு அது பொருந்தும். ஆனால் இரு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுத் தாமே மின்கலமாகும்போது கரையும் உலோகம் எதிர்க்குறி உடையது. ஆல்கிளாட் போர்வையை நேர்மின்முனை என்றால் சொல்லும் உண்மையும் முரண்படும்.

5. அடைமொழியின் இன்றியமையாமை

முதற்பூச்சுகளில் நெடுங்காலம் பயன்பட்ட குரோமேட்டில் உள்ளது ஆறு இணைதிறன் குரோமியம். இது புற்றுநோய் விளைவிப்பது. இதற்கு மாற்றாக மூன்று இணைதிறன் குரோமியம் சேர்ந்த கரைசல்களும் இன்று வழக்கில் உள்ளன. எனவே, சுருக்கம் கருதி மொழிபெயர்ப்பாளர் அடைமொழியை விட்டால் பூச்சு வேலை செய்வோருக்கான எச்சரிக்கையே மறைந்துவிடும்.

6. முடிவுரை

எஃகுறுப்புகளுக்குத் துரு என்பதே தக்கது. அலுமினியத்திற்கு அரிமானம் என்னும் பொதுச்சொல்லை ஆண்டு, முதல் இடத்திலேயே 'வெண்தூள் படிதல்' போன்ற கண்ணுக்குப் புலனாகும் அடையாளத்தையும் சேர்ப்பது நலம். ஆனோடு என்பதனை ஒலிபெயர்த்தோ, 'கரையும் முனை' எனச் செயல் நோக்கியோ, இடமறிந்து வழங்கலாம். கலைச்சொல்லின் தகுதி அதன் அழகால் அமைவதன்று. படிப்பவர் கை எதைத் தொடும், கண் எதைத் தேடும் என்பதால் அமைவது.