ஓய்வுக்குப் பின் – 9: சட்டைப் பொருத்தமும் சேப்பங்கிழங்கும்

அவருக்குக் கட்டம் போட்ட சட்டை என்றால் அந்த அம்மாவுக்குக் கட்டம் போட்ட பாவாடை. அச்சு அசலாக ஒரே உடையாக இருக்காது. நிறத்திலோ துணியின் கோலத்திலோ ஏதோ ஒன்று ஒத்துப்போகும். இருவருக்கும் வெள்ளை முடி, மூக்கில் கண்ணாடி. ஜப்பானில் 'போன்பொன்511' என்ற இன்ஸ்டாகிராம் கணக்கை 2016-இல் தொடங்கிய தம்பதி இவர்கள். அந்த 511 வேறொன்றுமில்லை, கல்யாண நாள்: மே 11. லட்சக்கணக்கானோர் இவர்களைப் பின்தொடர்கிறார்கள், புத்தகங்களும் வந்துவிட்டன.

உடைப் பொருத்தம்தான் உலகத்துக்குத் தெரிந்தது. கணவர் ஓய்வு பெற்றதும் அகிதாவை விட்டு செண்டாய் நகரத்துக்குக் குடிபோனார்களே, அதுதான் கெட்டிக்காரத்தனம் என்று தோன்றுகிறது. அகிதா பனி கொட்டும் ஊர். குளிர்காலத்தில் வாசல் பனியை அள்ளிக் கொட்டுவதற்கே இடுப்பில் பலம் வேண்டும். செண்டாயில் பத்து லட்சத்துக்கு மேல் ஜனம், மெட்ரோ ரயில், பேருந்து. கார் இல்லாமலே காலம் தள்ளலாம்.

நடப்பதற்கு ஜோசென்ஜி சாலை இருக்கிறது. 1945 ஜூலையில் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசி நகரத்தின் நடுப்பகுதியை எரித்தன. மீண்டும் கட்டி எழுப்பியபோது, 1958-இல், இந்தச் சாலையில் கெயாகி மரங்களை நட்டார்கள். இன்று அவை சாலைக்குப் பந்தல். இலையுதிர்காலம் என்று பெயர்தானே தவிர, செப்டம்பரில் ஓர் இலையும் உதிர்வதில்லை. வெயில் மட்டும் சற்றுத் தணியும். நடுவே மரநிழலில் நடைபாதை, உட்கார பெஞ்சு. 1991 முதல் செப்டம்பரில் இங்கே ஜாஸ் விழாவும் நடக்கிறது. தெருவோரமும் பூங்காவும்தான் மேடை. டிக்கெட் கிடையாது, பிடித்த இடத்தில் நின்று கேட்கலாம்.

ஆனால் நண்பர் கூட்டம் சேர வேண்டுமென்றால் ஆற்றங்கரைதான். செப்டம்பர் பிறந்ததும் செண்டாயின் சிறு கடைகள் வாசலில் விறகுக் கட்டுகளை அடுக்கிவிடும். ஐஸ்கிரீம் விற்கும் கடையில் விறகு! காரணம் இமோனி. ஹிரோசே ஆற்றுப் படுகையில் கல் கூட்டி அடுப்பு மூட்டி, பெரிய பாத்திரத்தில் சேப்பங்கிழங்கைக் கொதிக்கவிட்டு, சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது. நம் சந்தையில் கிடைக்கும் கிழங்கின் இனமேதான். சாமான் வாங்கினால் பாத்திரத்தை இரவல் தரும் சூப்பர் மார்க்கெட்டுகளும் உண்டு. இரண்டு பேருக்காக யாரும் இத்தனை பாடுபட மாட்டார்கள். பழைய அலுவலக சகா, பக்கத்து வீட்டுக்காரர் என்று பத்துப் பேருக்காவது சொல்லி அனுப்ப வேண்டும்.

பத்துப் பேர் கூடினால் சண்டை வராமல் இருக்குமா? செண்டாய்க்காரர் பன்றி இறைச்சி போட்டு மிசோ என்ற சோயா விழுதைக் கரைப்பார். மலைக்கு அந்தப் பக்கம் யமகதாக்காரருக்கு மாட்டிறைச்சியும் சோயா சாஸும் வேண்டும். "உங்களுடையது வெறும் பன்றிக்கறி சூப்" என்று யமகதா கிண்டலடிக்கும்.

வாய்ச் சவடாலோடு யமகதா நிற்கவில்லை. அங்கே மாமிகசாகி ஆற்றங்கரையில் ஆண்டுதோறும் செப்டம்பரில் நடக்கும் விழாவில் ஆறு மீட்டருக்கு மேல் அகலமான பாத்திரத்தை அடுப்பேற்றுகிறார்கள். கரண்டிக்குப் பதில் மண் தோண்டும் பொக்லைன் எந்திரம். புத்தம் புது எந்திரமாகக் கொண்டுவந்து, கிரீஸ் எண்ணெயை வழித்தெடுத்து, சாப்பிடத் தகுந்த எண்ணெயைப் பூசிய பிறகுதான் அதைக் குழம்பில் இறக்குவார்கள். செண்டாயிலிருந்து ரயிலில் போனால் ஒன்றேகால் மணி நேரம். கிண்டலைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.