பாறைத்தூசியும் தன்னையே தாக்கும் உடலும்

கோலார் தங்கவயலில் பொன் கட்டியாகக் கிடைத்ததில்லை. வெண்படிகப் பாறையின் நரம்புகளுக்குள் நுண்துகளாகக் கலந்து கிடந்தது. ஒரு டன் பாறையை வெடித்துப் பெயர்த்து, மேலேற்றி, மாவாக இடித்து, சயனைடு கலந்த நீரில் கரைத்தால் சில கிராம் பொன் தேறும். எஞ்சியதெல்லாம் மணல். ஆண்டர்சன்பேட்டையைச் சூழ்ந்த தங்கவயல் பகுதியெங்கும் குன்றுகளாக நிற்பது அந்த மணலே. ஊரார் அதைச் 'சயனைடு மலை' என்று அழைக்கின்றனர். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கத் தொழிலைக் கையிலெடுத்தது முதல் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்படும் வரை, மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்துக்கு இறங்கி, வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர் அந்தப் பாறையைத் துளைத்தனர். துளைத்த பாறையின் தூசியை மூச்சோடு உள்வாங்கினர்.

அத்தூசி நெஞ்சைத் தின்னும் என்பதைச் சுரங்கத் தொழிலாளரின் லைன் வீடுகளில் வளர்ந்த எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் இறுக்க நோய் இந்தியாவில் முதன்முதலாக முறைப்படி அறிவிக்கப்பட்டது 1947-இல், இந்த மண்ணிலிருந்துதான். ஆய்வுக்கு உட்பட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளருள் பத்தில் நால்வருக்கு மேல் அந்நோய் இருந்தது. இவ்வளவும் பழைய செய்தி. இதே தூசி நுரையீரலோடு நில்லாமல், உடலின் காவல் அமைப்பையே உடலுக்கு எதிராகத் திருப்ப வல்லது என்பது ஒரு நூற்றாண்டாக மருத்துவம் அறிந்தும் மக்களிடம் வந்து சேராத செய்தி. இதைப் பற்றியே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

நம் குருதியில் உலவும் வெள்ளையணுக்கள் நோய்க்கிருமிகளை அடையாளம் கண்டு அழிக்கின்றன. இனி வரப்போகும் கிருமியின் உருவம் எப்படியிருக்கும் என்று உடலுக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே கோடிக்கணக்கான வேறுபட்ட ஏற்பிகளைக் கொண்ட அணுக்களைக் குருட்டுப்போக்கில் உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. குருட்டுப்போக்கில் உண்டாக்கினால் அவற்றுள் சில தன் உடலின் புரதங்களையே பற்றிக்கொள்ளும். இது தவிர்க்க இயலாதது. எனவே தன்னைத் தாக்கும் அணுக்கள் எப்படித் தோன்றின என்று கேட்பதைவிட, எல்லார் உடலிலும் தோன்றும் அவ்வணுக்கள் பெரும்பாலோரிடம் ஏன் வாளாவிருக்கின்றன என்று கேட்பதே சரியான கேள்வி.

செருமானிய அறிஞர் பால் எர்லிக், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உடல் தனக்குத் தானே நஞ்சூட்டிக்கொள்வதை இயற்கை அஞ்சி விலக்குகிறது என்று எழுதினார். அவர் சொன்னதைப் பின்வந்தோர் அப்படியொரு நோயே இருக்க முடியாது என்று பொருள் கொண்டனர். 1956-இல் நோயல் ரோசும் எர்னஸ்ட் விட்டெப்ஸ்கியும் முயலின் தைராய்டுச் சுரப்பியிலிருந்து எடுத்த புரதத்தை முயலுக்கே ஊசியாகச் செலுத்தி, அதன் உடல் தன் தைராய்டைத் தானே அழிப்பதைக் காட்டினர். அரை நூற்றாண்டுக்கால மறுப்பு அத்துடன் முடிந்தது.

காவல் அமைப்பைக் கட்டுக்குள் வைக்க உடல் இரண்டு ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. முதலாவது, மார்பெலும்பின் பின்னே உள்ள தைமஸ் சுரப்பி. டி அணுக்கள் என்னும் வெள்ளையணுக்கள் அங்கேதான் முதிர்கின்றன. உடலின் பல உறுப்புகளுக்குரிய புரதங்களை அச்சுரப்பி அவற்றின் முன் வைக்கிறது. எந்த அணு தன் உடற்புரதத்தை வன்மையாகப் பற்றுகிறதோ அது அங்கேயே அழிக்கப்படுகிறது. இந்தத் தேர்விலும் சில தப்பிவிடும். இரண்டாவது ஏற்பாடாக, தப்பியவற்றை அடக்கி வைப்பதற்கென்றே வேறொரு வகை டி அணுக்கள் உடலெங்கும் சுற்றுகின்றன. இவற்றைக் கண்டறிந்து விளக்கியதற்காகவே 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு சப்பானியரான ஷிமோன் சகாகுச்சிக்கும் அமெரிக்கரான மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் வழங்கப்பட்டது.

இந்த இரு கட்டுகளும் தளரும்போது தன்னெதிர்ப்பு நோய் பிறக்கிறது. எந்த உறுப்பு தாக்கப்படுகிறதோ அதைப் பொறுத்து நோயின் பெயர் மாறும். கணையத்தின் இன்சுலின் அணுக்கள் அழிந்தால் முதல் வகை நீரிழிவு. மூட்டின் உள்ளுறை அழன்றால் முடக்குவாதம். தோலும் குருதிக்குழாய்ச் சுவரும் தடித்து இறுகினால் தோல் இறுக்க நோய். சிறுநீரகம், தோல், மூட்டு, மூளை எனப் பலவற்றையும் ஒருங்கே பற்றினால் லூப்பஸ். நோயுற்றோரில் பெரும்பாலோர் பெண்கள். லூப்பஸ் நோயில் ஆண் ஒருவருக்குப் பெண் ஒன்பதின்மர் என்னும் அளவுக்கு வேறுபாடு உண்டு.

இதெல்லாம் பிறப்பிலேயே எழுதப்பட்டது, குடும்பத்தில் ஓடுவது என்று சொல்லி முடித்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. மரபணுவுக்குப் பங்கு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருள் ஒருவருக்கு முடக்குவாதம் வந்தால், மற்றவருக்கும் வருவது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே. மரபணு முழுவதும் ஒன்றாயிருந்தும் மற்ற ஆறு பேருக்கு ஏன் வரவில்லை? அவர்கள் உண்டதும் உள்ளிழுத்ததும் உற்ற நோய்களும் வேறு. சூழல் என்று பொதுவாகச் சொல்லும் அச்சொல்லுக்குள், சுரங்கத் தொழிலாளியைப் பொறுத்தவரை, முதலில் வைக்க வேண்டியது படிகத்தூசியை.

1914-இல் எடின்பரோ மருத்துவர் பைரம் பிராம்வெல் தாம் கண்ட தோல் இறுக்க நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஒன்பது பேர், அவர்களுள் ஐவர் கல்தச்சர்கள். அரிதாகவும் பெரும்பாலும் பெண்களுக்கும் வரும் நோய், கல் செதுக்கும் ஆண்களிடம் ஏன் குவிந்தது என்னும் வினாவை அவர் விட்டுச் சென்றார். 1953-இல் ஆண்டனி கேப்லன் வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நெஞ்சுப் படங்களில், முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மட்டும் உருண்டையான தனித்த கணுக்கள் தென்படுவதைக் கண்டார். அந்நோய்நிலை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1957-இல் எராஸ்மஸ் என்பார் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பொன்சுரங்கத் தொழிலாளரிடம் தோல் இறுக்க நோய் மிகுந்திருப்பதைப் பதிவு செய்தார். கோலாரைப் போன்றே அங்கும் ஆழத்திலிருந்த படிகம் செறிந்த பாறையை உடைத்தே பொன் எடுத்தனர்.

தூசி இதை எப்படிச் செய்கிறது? மயிரிழையின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துகள், அதாவது ஐந்து மைக்ரானுக்கும் சிறியது, மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்றுவிடும். அங்கே காவலிருக்கும் பெருவிழுங்கணு அதைக் கிருமியென்று கருதி விழுங்கும். கிருமியாயின் தன் வயிற்றிலுள்ள நொதிகளால் செரித்துவிடும். கல்லைச் செரிக்க இயலாது. துகளின் பரப்பு அந்த நொதிப்பையின் மெல்லிய சவ்வைக் கிழிக்கிறது. கசிந்த நொதிகள் அணுவுக்குள் ஒரு புரதக் கூட்டமைப்பை எழுப்ப, அது இன்டர்லியூக்கின்-1 என்னும் அழற்சிப் பொருளை வெளியே கொட்டுகிறது. இந்தத் தொடர்ச்சி 2008-இல் வெளியான ஆய்வுகளால் தெளிவாயிற்று. பின் அணு இறக்கிறது. துகள் அழியாமல் வெளிவருகிறது, அடுத்த அணு அதை விழுங்குகிறது, அதுவும் இறக்கிறது. தொழிலாளி ஓய்வு பெற்றபின்னும், சுரங்கமே மூடப்பட்டபின்னும், நெஞ்சுக்குள் தங்கிய துகள் இந்தச் சுழற்சியை நிறுத்துவதில்லை.

தன்னெதிர்ப்பின் விதை இங்கேதான் விழுகிறது. ஓயாமல் மடியும் அணுக்களின் உள்ளீடுகள், குறிப்பாக அணுக்கருவின் பொருள்கள், காவல் அமைப்பின் பார்வைக்கு வந்துவிடுகின்றன. அழற்சியின்போது வெளிப்படும் ஒரு நொதி, புரதங்களிலுள்ள ஆர்ஜினின் என்னும் கூறைச் சிட்ருலினாக மாற்றுகிறது. புரதம் உடலுடையதே, உருவம் சற்றே மாறிவிட்டது. குறிப்பிட்ட ஹெச்.எல்.ஏ. மரபணு வகையைப் பெற்றவர்களிடம் இம்மாறிய புரதம் அயலாகத் தோன்றுகிறது. டி அணுக்கள் தூண்டப்படுகின்றன. அவை பி அணுக்கள் என்னும் மற்றொரு வகை வெள்ளையணுக்களைத் தூண்ட, எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. இப்பொருள்கள் மூட்டுவலி தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே குருதியில் காணப்படுகின்றன. ஆக, முழங்கையும் விரலும் வலிக்கும் நோய் பலருக்கு நுரையீரலில் தொடங்கியிருக்கிறது என்பது இன்றைய அறிவியலின் வலுவான கருத்து. சுவீடனில் நடந்த ஆய்வுகள் பாறை துளைப்போருக்கும் கல் உடைப்போருக்கும் முடக்குவாதம் வரும் வாய்ப்பு மிகுதி என்றும், அவர்கள் புகைப்பவராயும் இருந்தால் அது பல மடங்காகும் என்றும் காட்டின. பீடியும் பாறைத்தூசியும் ஒரே நெஞ்சில் சேர்வது எங்கே இயல்பாக நடந்தது என்று நம் ஊரார்க்குச் சொல்ல வேண்டுமா?

உடைத்த உடனே எழும் படிகத்தூசி மிகக் கொடியது; புதிதாகப் பிளந்த பரப்பில் வினைமிகு மூலக்கூறுகள் இருப்பதே காரணம். நெடுநாள் வெயிலிலும் மழையிலும் கிடந்த மணல் அந்த அளவு கொடியதன்று. சயனைடு மலையிலிருந்து காற்றடிக்கும் காலத்தில் வீட்டுக்குள் வரும் தூசியையும் சுரங்கத்தினுள் துளைப்பொறி கக்கிய தூசியையும் ஒரே தட்டில் வைத்து அஞ்சுவது முறையாகாது. ஆயினும் அது படிகமே; உள்ளிழுக்கத் தக்கதன்று. இன்னொரு கூட்டத்தாரை எண்ணியே என் கவலை மிகுதி. சுரங்கம் மூடியபின் மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலைத் தொடர்வண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் ஏராளம். அவர்களுள் கட்டட வேலைக்கும் கருங்கல், செயற்கைக்கல் அறுக்கும் வேலைக்கும் செல்பவர்கள் தந்தையர் இழுத்த அதே தூசியை, புதிதாகப் பிளந்த நிலையில், இன்று இழுக்கின்றனர். படிகம் மிகுந்த செயற்கைக்கல்லை ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடை செய்துவிட்டது.

நோய் உடலில் எப்படிப் பரவுகிறது என்பதை அறிந்திருப்பது நல்லது. முடக்குவாதத்தில் இரு கைகளின் சிறு மூட்டுகளும் ஒருசேர வீங்கும். விடியலில் எழுந்தால் விரல் மடங்காது. அரைமணிக்கு மேல், சிலருக்கு மணிக்கணக்கில், அந்த விறைப்பு நீடிக்கும். வேலை செய்யச் செய்ய வலி கூடும் வயது முதிர்ந்தோரின் மூட்டுத் தேய்மானத்துக்கு நேர்மாறாக, இங்கே அசைக்க அசைக்க விறைப்பு தளரும். கவனியாது விட்டால் வீங்கிய உள்ளுறை குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கும். நோய் மூட்டோடு நில்லாது. குருதிச்சோகை, கண்ணழற்சி, நுரையீரல் தழும்பு, இதயக் குருதிக்குழாய் நோய் ஆகியவையும் தொடரும். தோல் இறுக்க நோயோ குளிர்நீரில் கை வைத்தால் விரல்நுனி வெளுத்து நீலமாவதில் தொடங்கும். பிறகு விரல்தோல் இறுகும், விழுங்குவது கடினமாகும், நுரையீரலும் சிறுநீரகமும் பழுதாகும். முன்பு சுரங்கத்தில் உழைத்த ஆடவரிடம் இவ்வறிகுறிகளைக் காணும் மருத்துவர் நெஞ்சுப் படத்தோடு நிறுத்திவிடலாகாது. எதிர்ப்பொருள் ஆய்வுகளும் செய்ய வேண்டும்.

மருத்துவம் இல்லாமலில்லை. முடக்குவாதத்தின் முதன்மை மருந்தாகிய மெத்தோட்ரெக்சேட்டின் வரலாற்றில் ஒரு தென்னாட்டார் நிற்கிறார். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் உருவான மருந்துக் குடும்பம் அது. முதலில் குருதிப் புற்றுக்கென வந்தது. சிறு அளவில் தன்னெதிர்ப்பையும் அடக்கும் என்பது பின்னர் தெரிந்தது. ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும்: முடக்குவாதத்துக்கு இம்மாத்திரை வாரம் ஒருமுறை மட்டுமே. நாள்தோறும் விழுங்கினால் எலும்பு மச்சை அழிந்து உயிர்போகும். மருந்துச் சீட்டைத் தவறாகப் புரிந்துகொண்டு அப்படி நேர்ந்ததும் உண்டு. கிழமையின் பெயரை உறையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்றும் தங்கவயலார்க்குச் சிறப்பாக உரியது. சிலிக்கோசிஸ் உள்ள நெஞ்சில் காசநோய் எளிதில் பற்றும். தன்னெதிர்ப்பை அடக்கும் ஸ்டிராய்டும் புதிய உயிரியல் மருந்துகளும் உறங்கும் காசநோயை எழுப்பும். ஆகவே அம்மருந்துகளைத் தொடங்குமுன் காசநோய் ஆய்வு செய்தே தீர வேண்டும். பெயர் தெரியாத பொடியாலும் உருண்டையாலும் வலி ஒரே நாளில் பறந்துவிட்டதென்றால் அதில் ஸ்டிராய்டு கலந்திருக்கிறதா என்று ஐயுறுங்கள்.

1700-இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமட்சினி, நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு 'நீ என்ன தொழில் செய்கிறாய்' என்பதையும் சேர்க்கச் சொன்னார். முந்நூறு ஆண்டுகள் கடந்தும் நம் மருத்துவமனைகளின் கூட்ட நெரிசலில் அந்தக் கேள்வி விடுபட்டுப் போகிறது. எனவே கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். தந்தையை மூட்டுவலிக்கு அழைத்துச் செல்லும் மகனும் மகளும், அவர் எந்தச் சுரங்கத்தில், தரைக்கடியிலா மேலா, எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்பதை எழுதிக் கொடுங்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தியாவின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தூசியால் வரும் நுரையீரல் நோயைத் தொழில்நோயாக ஏற்றது. படிகத்தூசியால் தூண்டப்படும் தன்னெதிர்ப்பு நோய்களுக்கும் தொழில்நோய்ப் பட்டியலில் இடம் தர வேண்டும். தென்னாப்பிரிக்கா தன் 1973-ஆம் ஆண்டுச் சுரங்கத் தொழில்நோய்ச் சட்டத்தில் தோல் இறுக்க நோயை இழப்பீட்டுக்குரியதாகச் சேர்த்திருக்கிறது.