அலுவலக நேரமும் ஓர் அமானத்



கடந்த ஜூன் மாதம் ஒரு நாள் காலை, அறக்கட்டளை அலுவலகத்தில் ஜகாத் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கணவரை இழந்த சகோதரி ஒருவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு மறுநாள் கடைசி நாள் என்று, கட்டணச் சீட்டின் படத்தோடு அனுப்பியிருந்தார். பார்த்தேன். 'இந்தப் பக்கத்தை முடித்துவிட்டுப் பதில் சொல்வோம்' என்று நினைத்தேன். அதற்குள் குடும்பக் குழுவில் நிக்காஹ் படங்கள் வந்தன. தெருக் குழுவில் குடிநீர் வரவில்லை என்று புகார். பழைய மாணவர் குழுவில் யாரோ அனுப்பிய காணொளி. லுஹர் பாங்கு சொல்லும்போது அந்தச் சகோதரியின் செய்தி எங்கோ கீழே போயிருந்தது. என் நினைவிலிருந்தும் போய்விட்டது.

மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை நேரில் வந்தார். அவருடைய உம்மா காதுக் கம்மலை அடகு வைத்துக் கட்டணத்தைக் கட்டிவிட்டாராம். வட்டியின் பக்கம் நம் மக்கள் போகக் கூடாது என்பதற்காகவே நடக்கிற அறக்கட்டளை இது. அதன் செயலாளர் கவனம் சிதறியதால் ஒரு தாய் வட்டிக்கடைப் படி ஏறினார். அன்றே கம்மலை மீட்டுக் கொடுத்தோம். ஆனால் எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

அன்று நான் சோம்பி இருக்கவில்லை. காலை முழுவதும் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டுதான் இருந்தேன். நம் பிள்ளைகளில் பலர் வங்கியிலும் கணினி நிறுவனத்திலும் கடைக் கணக்கிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கும் இதே கதைதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவினால், மனம் முழுவதுமாகக் கூட வருவதில்லை. ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதற்குக் 'கவனத்தின் மிச்சம்' என்று பொருள்படும் பெயர் வைத்தார். பத்து முறை தாவினால் பத்து இடத்தில் மிச்சம். கணக்கில் ஒரு சைபர் விட்டுப்போவதும், அனுப்ப வேண்டிய கடிதம் நின்றுபோவதும் இப்படித்தான்.

கைப்பேசியைத் தூக்கி எறிய முடியாது. அலுவலக வேலையே இன்று அதில்தான் நடக்கிறது. ஆனால் பள்ளிவாசல் வாசலில் 'கைப்பேசியை அணைத்து வைக்கவும்' என்ற பலகையைப் பார்த்ததும் நாம் எல்லோரும் அணைக்கிறோம் அல்லவா? அந்தப் பத்து நிமிடத்தில் உலகம் நின்றுவிடுவதில்லை. நம்மால் முடியும் என்பதை ஒரு நாளில் ஐந்து முறை நாமே நிரூபிக்கிறோம். சம்பளம் வாங்கும் நேரமும், சேவைக்கென்று ஒப்புக்கொண்ட நேரமும் அமானத். அதைக் காப்பதற்கான வசதிகள் அந்தக் கைப்பேசியிலேயே இருக்கின்றன. நான் செய்துகொண்ட மாற்றங்களைச் சொல்கிறேன். ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

முதலாவது, குழுக்களை அமைதியாக்குவது. வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு குழுவையும் 8 மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று விதமாக ஒலியடக்கலாம். குழுவை விட்டு விலக வேண்டியதில்லை. யார் மனமும் புண்படாது. குடும்பக் குழு, தெருக் குழு எல்லாவற்றையும் 'எப்போதும்' என்று அடக்கி, ஆர்கைவ் பகுதிக்கு மாற்றிவிட்டேன். மஃரிபுக்குப் பிறகு நிதானமாகப் பார்க்கிறேன். இப்போது முகப்பில் இருப்பவை உதவி கேட்டு வரும் தனிச் செய்திகள் மட்டுமே.

இரண்டாவது, 'டூ நாட் டிஸ்டர்ப்'. 'வீட்டில் அவசரம் என்றால் என்ன செய்வது?' என்று கேட்பீர்கள். பெற்றோர், மனைவி, பிள்ளையின் பள்ளிக்கூடம் ஆகிய எண்களை மட்டும் விதிவிலக்காக வைத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இன்னொரு வசதியும் உண்டு. அதை இயக்கி வைத்தால், ஒரே ஆள் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைக்கும்போது மணி ஒலிக்கும். நான் காலை 10 முதல் 12 வரை இதைத் தானாக இயங்கும்படி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, நினைவை நம்பாமல் எழுதி வைப்பது. உதவி கேட்டு எந்த வழியில் செய்தி வந்தாலும், அலுவலகத்தில் மூவர் சேர்ந்து பார்க்கும் கூகுள் ஷீட் ஒன்றில் உடனே ஏற்றுகிறோம். பெயர், தேவை, கடைசி நாள், யார் பொறுப்பு என்று நான்கே கட்டங்கள். கடைசி நாளைக் கூகுள் காலண்டரிலும் போட்டு, மூன்று நாள் முன்பாகவே நினைவூட்டும்படி செய்கிறோம். ஏற்ற நேரமில்லை என்றால், அந்தச் செய்தியை 'படிக்காதது' என்று குறித்து வைக்கிறோம். பச்சைப் புள்ளி கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஒருவர் மறந்தாலும் மற்ற இருவர் பார்ப்பார்கள்.

நான்காவது, நேரத்தைப் பகுத்துக்கொள்வது. 1980களின் இறுதியில் இத்தாலிய மாணவரான ஃபிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று பழகினார். இன்று உலகெங்கும் அலுவலகங்களில் அந்த முறை இருக்கிறது. கைப்பேசியின் டைமரே போதும். நமக்கோ பெரிய பகுப்பு ஏற்கெனவே இருக்கிறது. கடினமான வேலையை லுஹருக்கு முன்பும், கடிதம், மின்னஞ்சல் போன்றவற்றை லுஹருக்கும் அஸருக்கும் இடையிலும் வைத்துக்கொண்டால், தொழுகை வேலைக்குத் தடையாகத் தெரியாது. ஒரு வேலையை முடித்து அடுத்ததைத் தொடங்கும் இடமாகிவிடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். துபாயில் இருக்கும் மகனுக்கு இங்கே பகல் பதினொன்றரை மணிக்கு அழைத்தால், அங்கே மணி பத்து. வேலை சூடுபிடிக்கும் நேரம். சவூதியில் ஒன்பது. நலம் விசாரிக்க இரவு எட்டு மணிக்கு மேல் அழையுங்கள். 'ஏன் எடுக்கவில்லை?' என்று கோபித்துக்கொள்ளாமல் இருப்பதும் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் உதவிதான்.

உங்கள் கைப்பேசியின் செட்டிங்ஸில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்ற பகுதி இருக்கும்; ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்'. ஒரு நாளில் எத்தனை முறை கைப்பேசியைத் திறந்தீர்கள் என்று அது கணக்குச் சொல்லும். இந்த வெள்ளிக்கிழமை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மீண்டும் பாருங்கள். முதல் முறை பார்த்தபோது என் கணக்கை என் மனைவியிடம் காட்டக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது.

அறக்கட்டளையின் உதவி அவசரமாகத் தேவைப்படுவோர் செய்தி அனுப்பியதோடு நின்றுவிடாமல் அழையுங்கள். எடுக்காவிட்டால் உடனே மறுபடியும் அழையுங்கள், மணி ஒலிக்கும். அல்லாஹ் நம் நேரத்தில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்