தூக்கிவிட்ட கைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுந் தறுவாயில், அம்பலாங்கொடையிலுள்ள ஒரு மெதடிஸ்த பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்குக் காலி றிச்மண்ட் கல்லூரியின் அதிபர் வண. ஜேம்ஸ் டரல் என்பார் வந்திருந்தார். பரிசு பெற மீண்டும் மீண்டும் மேடையேறிய ஒரு சிறுவன் அவர் கண்ணிற் பட்டான். பெரிய செல்வமில்லாத குடும்பத்துப் பிள்ளை அவன். அவனுக்கு றிச்மண்ட் கல்லூரிப் புலமைப்பரிசில் கிட்டியது. உணவும் உறைவிடமும் கல்வியும் அதனால் அமைந்தன. படித்து முடித்தபின் அவன் அக்கல்லூரியிலேயே கணித ஆசிரியனாகவும் பணியாற்றினான்.

அச்சிறுவனே சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. 1931 தொடக்கம் 1947 வரை இலங்கையின் கல்வி மந்திரியாக இருந்தவர். பாலர் வகுப்பு முதற் சர்வகலாசாலை வரை எல்லாப் பிள்ளைகளும் கட்டணமின்றிக் கற்கலாம் என்னும் திட்டத்தை 1945 ஒக்டோபர் முதலாந் திகதி நடைமுறைக்குக் கொணர்ந்தவர். கிராமப்புறத்துப் பிள்ளைகளுக்காக 54 மத்திய மகா வித்தியாலயங்களை நிறுவியவர். டரல் பாதிரியாரோ இவற்றுள் எதனையும் காண உயிரோடிருக்கவில்லை. 1906ஆம் ஆண்டிற் கல்லூரியில் நெருப்புக் காய்ச்சல் பரவியபோது, நோயுற்ற மாணவரை அருகிருந்து பராமரித்த அவரையும் அந்நோய் பற்றிக்கொண்டது. அதிலேயே அவர் இறந்தார்.

இலவசக் கல்வியைப் பற்றிப் பேசுவோர் சட்டத்தையும் மந்திரியையும் நினைக்கின்றனர். அச்சட்டத்திற்குப் பின்னால் ஒரு சிறுவனை அடையாளங் கண்ட ஓர் ஆசிரியரும் நின்றார் என்பதை நினைப்போர் சிலரே. சட்டம் கதவைத் திறக்கும். திறந்த கதவு வரை ஒரு பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வருவதற்கு ஒரு மனிதர் வேண்டும். இதுவே இக்கட்டுரையிற் சொல்ல வந்தது.

நம் தமிழ்ச் சூழலில் இவ்வுண்மைக்குச் சுவாமி விபுலானந்தரைக் காட்டிலுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை. 1892இற் காரைதீவிற் பிறந்த மயில்வாகனன் என்னும் பிள்ளைக்குக் குஞ்சித்தம்பி ஆசிரியர் எழுத்தறிவித்தார். வைத்திலிங்க தேசிகர் தமிழையும் வடமொழியையும் ஊட்டினார். மட்டக்களப்பில் இயேசு சபையார் நடத்திய அச்சிட்ட மிக்கேல் கல்லூரி ஆங்கிலக் கல்வியை அளித்தது. சைவ ஆசிரியரும் கத்தோலிக்கத் துறவியருமாகப் பலர் கூடி வளர்த்த பிள்ளை அது. பின்னர் ஆசிரியத் தொழில் புரிந்துகொண்டே 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிலும், 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் அவர் சித்தியெய்தினார். பகலிற் கற்பித்து இரவிற் கற்றவருக்கு, வசதியற்ற மாணவனின் துன்பம் இன்னதென்று பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அன்னார் துறவு பூண்டதும் கல்விப் பணியைத் துறந்தாரல்லர். 1924இற் காவியுடுத்து, 1925இல் ஈழத்திற்கு மீண்டு, இராமகிருஷ்ண சங்கப் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். 1929இற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. அதன் அருகே அநாதைப் பிள்ளைகளும் வறிய பிள்ளைகளும் தங்கிக் கற்பதற்கு மாணவர் இல்லம் அமைந்தது. பாடசாலை ஒன்றைக் கட்டி முடித்ததும் கடமை தீர்ந்ததென்று அவர் எண்ணவில்லை. பள்ளிக்கூட மணி அடித்தபின் அந்தப் பிள்ளை எங்கே போகும், எதை உண்ணும், எந்த விளக்கின்கீழ் அமர்ந்து படிக்கும் என்பவை அவருடைய கவலைகளாயின. விடுதியின் பயனை இவ்விடத்தில் உணரவேண்டும். வறுமைப்பட்ட மாணவனுக்கு மிக நீண்ட பொழுது வகுப்பறையில் இருக்கும் பொழுதன்று. அது மாலை ஆறு மணிக்குப் பிந்திய பொழுதே.

1931இற் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த காலத்து அவர் செய்ததொன்று இன்னும் எண்ணத்தக்கது. பகலிற் பல்கலைக்கழகத்து இளைஞர்களுக்குச் சிலப்பதிகாரமும் இசை நுணுக்கமும் கற்பித்தவர், அயலிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று, பிறர் தீண்டத்தகாதவரென்று ஒதுக்கிய மக்களின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். அங்கே அகர வரிசையைச் சொல்லிக்கொடுத்தவரே பிற்காலத்தில் 'யாழ் நூல்' என்னும் ஆராய்ச்சிப் பெருநூலையும் எழுதினார் என்பதைக் கல்விமான்கள் மறவாதிருத்தல் நன்று. கற்றவர் கீழிறங்கி வந்து கற்பிப்பதால் அவர்தம் புலமை குறைந்துவிடுவதில்லை. 1947 யூலையில் அவர் மறைந்தபின், சிவானந்த வித்தியாலய வளவிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார். பிள்ளைகளின் ஆரவாரம் கேட்கும் இடத்தில் அவர் துயில்கின்றார்.

நிற்க. ஆசிரியர் எல்லாரும் தூக்கிவிட்டவர்கள் என்று சொல்லின் அது பொய்யாகும். தள்ளிவிட்ட கைகளும் உள. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் அமரவேண்டும் என்ற விதி வந்தபோது, யாழ்ப்பாணத்தில் அதனை எதிர்த்தோர் பலர். சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரு பிள்ளை வாங்கில் அமர்வதைப் பொறாதவர்கள் வாங்கையே எரித்தனர். சம ஆசனத்திற்காக அன்று நின்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசாரையும் கன்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்களையும் நன்றியுடன் நினைத்தல் நம் கடன்.

அந்த யாழ்ப்பாணத்திலேதான் 1927இற் பிறந்த டொமினிக் ஜீவா, வகுப்பாசிரியர் ஒருவர் சாதியைச் சுட்டிப் பேசிய ஒரு வார்த்தையாற் சிறு வயதிலே பள்ளியைத் துறந்தார். ஒரே ஒரு வார்த்தை! கட்டணம் இல்லாமையாலன்று, அறிவு இல்லாமையாலன்று; அவமானத்தால் அந்தப் படிப்பு நின்றது. அவரை மீட்டது பாடசாலையன்று. இடதுசாரி இயக்கத் தோழரும் முற்போக்கு எழுத்தாளரும் அவருக்கு நூல்களைக் கொடுத்தனர், எழுதென்றனர், எழுதியதைப் படித்துக் குறை நிறை சொல்லினர். சிகை அலங்காரத் தொழில் புரிந்துகொண்டே அவர் எழுதிய 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966இல் அவர் தொடங்கிய 'மல்லிகை' நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வெளிவந்தது. தமக்குக் கிட்டியதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாது, இளம் எழுத்தாளர் பலருக்கு அவ்விதழில் இடங் கொடுத்தார். 2021இல் அவர் மறைந்தபோது ஈழத்து இலக்கிய உலகம் ஓர் ஆசானை இழந்தது. பள்ளி கைவிட்ட பிள்ளையைச் சமூகம் தூக்கிவிட முடியும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. ஆனால் அவ்வாறு தூக்கிவிடப்படாமலே போனவர் எத்தனை பேரோ! அவர்களுடைய பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

இனி மலையகத்தை நோக்குவோம். 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்டத் துரைமார்மேற் சுமத்தியது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு: பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளின் கோலம் இதுவே. 1945இல் நாடெங்கும் பேசப்பட்ட இலவசக் கல்வியின் பயன் அந்த லயங்களை உடனே சென்றடையவில்லை. 1977 முதலே தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் முறையாகப் பொறுப்பேற்றது. ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட பின்னடைவு அது. அத்தனை ஆண்டும் அங்கே கல்வி அடியோடு அணைந்துவிடாமற் காத்தவர் அவ்வொற்றை ஆசிரியரே. பிள்ளையைக் கொழுந்து பறிக்க அனுப்பாது பள்ளிக்கு அனுப்பும்படி பெற்றாரிடம் லயம் லயமாய்ச் சென்று மன்றாடியவர் அவர். ஐந்தாம் வகுப்போடு நிற்க இருந்த பிள்ளைக்கு நகரத்துப் பாடசாலையில் இடந் தேடிக் கொடுத்தவரும் அவரே. மலையகத்தில் இன்று பட்டதாரிகளாகவும் ஆசிரியர்களாகவும் இருப்போர் பலருடைய வரலாற்றைக் கேட்டால், முதல் அத்தியாயத்தில் இத்தகைய ஒருவர் இருப்பார்.

அரசாங்கம் ஒன்றுஞ் செய்யவில்லை என்பது எம் கருத்தன்று. 1980இல் இலவசப் பாடநூல் வந்தது. 1981இல் மகாபொல நிதியம் தோன்றியது. 1993இல் இலவசச் சீருடை வந்தது. இவை இல்லையெனின் ஏழைப் பிள்ளைகள் பலர் பல்கலைக்கழக வாயிலைக் கண்டிரார். ஆயினும் பாடநூலும் சீருடையும் பசிக்கும் தனிமைக்கும் மருந்தாகா. 2020, 2021 ஆண்டுகளிற் கொரோனாவாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசிக்கு அலைவரிசை தேடி மலையுச்சிகளுக்கும் மரங்களுக்கும் ஏறிய பிள்ளைகளைப் பற்றிச் செய்திகள் வந்தன. 2022ஆம் ஆண்டு நெருக்கடியிற் கடதாசித் தட்டுப்பாட்டாற் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. எரிபொருள் இன்றிப் பாடசாலைகள் மூடப்பட்டன. இலவசம் என்ற சொல்லின் எல்லை அப்போது தெரிந்தது. இத்தகைய நாள்களில் ஒரு பிள்ளையின் படிப்பு முறியாமற் காப்பது சட்டமன்று. அயலிலுள்ள ஒரு மனிதரே.

வாசகர்களிற் பலர் ஆசிரியர்கள், பலர் மாணவர்கள், பலர் இலக்கிய மன்றங்களின் உறுப்பினர்கள். பெருந்திட்டம் எதனையும் இங்கு வேண்டவில்லை. ஊருக்கு ஊர் கோயில் மண்டபமும் வாசிகசாலையும் சனசமூக நிலையமும் உள. மாலை ஆறு மணிக்கு அவற்றுள் ஒன்றில் விளக்கேற்றி, நாலு வாங்குகளை இட்டு, உயர்தரம் கற்கும் மாணவர் இருவர் ஐந்தாந் தரத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாற் போதும். கற்பிக்கும் மாணவரும் தாம் கற்றதைத் தெளிந்து கொள்வர். பிள்ளையொன்று மூன்று நாள் வராதிருப்பின் அதன் வீட்டுக்குச் சென்று ஏனென்று கேட்பதற்கு ஒருவர் இருந்தால் அது இன்னும் நன்று. உதவி பெறுவோர் பெயரைக் கூட்டத்தில் வாசிப்பதும், பிள்ளையின் கையிற் கொப்பியைக் கொடுத்துப் படம் பிடிப்பதும் வேண்டா. ஒரு வார்த்தையாற் பள்ளியை விட்டவரின் வரலாற்றை மேலே கண்டோம். வறியவன் உதவியை மறந்தாலும் மறப்பான், அவமானத்தை மறவான்.

டரல் பாதிரியார் அன்று அம்பலாங்கொடையிற் கண்டது ஒரு வருங்கால மந்திரியையன்று. தூக்கிவிட வேண்டிய ஒரு பிள்ளையையே. உங்கள் வகுப்பறையின் கடைசி வாங்கிலும் அத்தகைய ஒரு பிள்ளை இருக்கக்கூடும். திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழையும்போது ஒருமுறை அங்கே பாருங்கள்.