பத்து முறை சாக்கடைக்குப் போன சரக்கு

சங்க இதழில் பீர் பற்றிய கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் புருவத்தை உயர்த்தலாம். குடிப்பதற்குப் பரிந்து பேசும் கட்டுரை அல்ல இது. உறவினர்களிடம் வாங்கிய கடனையும் பழைய இரும்புச் சாமான்களையும் வைத்துக்கொண்டு ஒரு சிறு தொழிலை எப்படி நிலைநிறுத்தினார்கள் என்பதைச் சொல்லும் கட்டுரை. இட்லி மாவு, அப்பளம், ஊறுகாய், மெஸ் என்று தொழில் நடத்தும் நம்மவர்கள் எல்லா ஊர்களிலும் உண்டு. அவர்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது.

பீர் செய்முறை நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தினால் மால்ட். குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டிக் கஞ்சி மாவு அரைக்கிறோமே, அதே வேலைதான். மால்ட்டைப் பொடித்து வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்தச் சாற்றில் ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் கலந்து புளிக்கவிடுவார்கள். இட்லி மாவு ஒரு நாள் பொங்கும், ஒரு நாள் பொங்காது. வீட்டில் என்றால் தோசை வார்த்துச் சமாளிக்கலாம். விற்பவருக்கு அந்த வசதி இல்லை.

முதலில் தோற்றவர்

அமெரிக்காவில் பீர் வியாபாரம் சில பெரிய கம்பெனிகளின் கைக்குள் போய்க்கொண்டிருந்த காலம். 1976இல் கலிபோர்னியாவின் சோனோமாவில் ஜாக் மெக்காலிஃப் என்பவர் 'நியூ ஆல்பியன்' என்ற சிறு ஆலையைத் தொடங்கினார். கடற்படைப் பணியில் ஸ்காட்லாந்தில் இருந்தபோது அந்தப் பகுதிப் பீரின் சுவையில் மனதைப் பறிகொடுத்தவர் அவர். பழைய உலோகப் பீப்பாய்களைக் கொண்டு ஆலையைத் தம் கையாலேயே அமைத்தார். சரக்குக்கு நல்ல பெயர் கிடைத்தது. ஆனால் ஒரு முறை காய்ச்சினால் கிடைத்தது ஒன்றரை பேரல், அதாவது சுமார் 175 லிட்டர் மட்டுமே. 175 லிட்டர் காய்ச்சினாலும் அதைப் போல் பல மடங்கு காய்ச்சினாலும் ஆள் உழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். விற்ற காசு செலவுக்கே சரியாகப் போயிற்று. ஆலையைப் பெரிதாக்கப் பணம் புரட்ட முடியவில்லை. 1982இல் மூடிவிட்டார்.

பார்த்துக் கற்றவர்

அதே மாநிலத்துச் சிகோ நகரில், வீட்டிலேயே பீர் தயாரிப்போருக்கான சாமான்கள் விற்கும் சிறு கடையை 1976இல் திறந்தவர் கென் கிராஸ்மன். நியூ ஆல்பியனை நேரில் போய்ப் பார்த்தவர். அந்த அளவில் ஆரம்பித்தால் தேறாது என்று கணக்குப் போட்டுக்கொண்டார். பால் கமூசியுடன் கூட்டுச் சேர்ந்து, உறவினர், நண்பர்களிடம் சுமார் 50,000 டாலர் திரட்டி, 'சியெரா நெவாடா' ஆலையை 10 பேரல் (சுமார் 1,170 லிட்டர்) அளவில் அமைத்தார். புதிய இயந்திரம் வாங்க வசதியில்லை. பால் பண்ணைகளில் கழித்துப்போட்ட தொட்டிகளை வாங்கி, வெல்டிங் கற்றுக்கொண்டு தாமே பற்றவைத்தார்.

1980 நவம்பரில் முதல் காய்ச்சல். அடுத்து, ஆலையின் அடையாளமாக இருக்க வேண்டிய 'பேல் ஏல்' என்ற வகைக்கு வந்தபோதுதான் சோதனை. குடிக்க முடியாத சரக்கு என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு முறை வந்த சுவை மறுமுறை வரவில்லை. கடன் கொடுத்தவர்கள் காத்திருக்க, ஏறத்தாழப் பத்துக் காய்ச்சல்களைச் சாக்கடையில் கொட்டினார்கள். பத்தாயிரம் லிட்டருக்கு மேல்! குறை ஈஸ்ட்டுக்குப் போதிய பிராணவாயு கிடைக்காததில் இருந்தது. அதைச் சரிசெய்து, சுவை ஒரே சீராக வந்தபிறகே பாட்டில்கள் கடைக்குப் போயின.

வளர்ச்சியிலும் அதே நிதானம். ஜெர்மனியில் மூடப்பட்ட ஓர் ஆலையின் 100 பேரல் செப்புக் கொப்பரைகளை மலிவாக வாங்கினார்கள். நிறுவப் பணமில்லாததால் சில ஆண்டுகள் அவை கிடங்கிலேயே கிடந்தன. 1980களின் பிற்பகுதியில்தான் புதிய ஆலையில் ஏறின. 1998இல் கமூசி விலகியபோது அவர் பங்கையும் கிராஸ்மனே வாங்கினார். நாட்டின் மறுகோடிக்குச் சரக்கு அனுப்பும் செலவைக் குறைக்க, 2014இல் வட கரோலினாவில் இரண்டாவது ஆலை எழுந்தது. இத்தனைக்குப் பிறகும் அது குடும்ப நிறுவனமாகவே இருக்கிறது.

2018 நவம்பரில் சிகோவுக்கு அருகிலுள்ள பாரடைஸ் நகரம் காட்டுத்தீயில் அழிந்தது. சியெரா நெவாடா ஒரு பீரின் செய்முறையைப் பிற ஆலைகளுக்குக் கொடுத்து, விற்பனைத் தொகையை நிவாரணத்துக்குத் தருமாறு கேட்டது. 1,400க்கும் மேற்பட்ட ஆலைகள், போட்டியாளர்கள் உட்பட, காய்ச்சித் தந்தன. ஊரில் வேர்விட்ட தொழிலுக்கு ஊர் துணை நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இந்தியாவிலும் 2009இல் புனேயில் 'டூலாலி' இவ்வகைத் தொழிலுக்கு வழி திறந்தது. பெங்களூர் அன்பர்கள் தங்கள் ஊரிலேயே பலவற்றைப் பார்த்திருப்பார்கள்.

நாம் விற்பது எந்தப் பொருளானாலும் கேள்விகள் இரண்டுதான். இந்த அளவில் செய்தால் கூலிக்குக் கட்டுமா? சென்ற வாரம் வாங்கியவருக்கு இந்த வாரமும் அதே ருசி கிடைக்குமா? இரண்டாவதற்கு 'தெரியாது' என்பது பதிலானால், அன்றைய சரக்கைக் கொட்டிவிடுவதே லாபம்.