மூளையை அறிய செல்லே முதல் பாடம்

புது தில்லி: மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று எவ்வாறு உயிர் வாழ்கிறது என்பதே மூளை ஆராய்ச்சியில் ஈடுபட விரும்பும் மாணவர் கற்க வேண்டிய முதல் பாடம்.

தில்லியிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில், ஹரியாணா மாநிலம் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் அமைந்துள்ளது. மத்திய உயிரி தொழில்நுட்பத் துறையின் கீழ் 1999-இல் தொடங்கப்பட்ட இம்மையம், 2002-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. 2003 டிசம்பரில் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் இதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

உயிரியல் பட்டதாரிகள் மட்டுமன்றி இயற்பியல், கணிதம், பொறியியல், உளவியல், மருத்துவம் படித்தவர்களும் இங்கு ஆராய்ச்சிப் படிப்பில் சேரலாம். பள்ளியோடு உயிரியலுக்கு விடைகொடுத்த பொறியாளருக்கு, டி.என்.ஏ.வில் உள்ள தகவல் ஆர்.என்.ஏ. வழியாகப் புரதமாக உருப்பெறுவதும், செல்லுக்குத் தேவையான ஆற்றல் உற்பத்தியாவதும் புதிய பாடங்கள். இவற்றைக் கற்காமலும் மூளையின் மின் சமிக்ஞைகளைக் கணக்கிடலாம். ஆனால், பல நோய்களின் காரணத்தைக் கண்டறிய இயலாது.

கேசரி பருப்பு: இதற்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. வறட்சிக் காலங்களில் கேசரி பருப்பையே முக்கிய உணவாக உண்ட ஏழை மக்கள் பலர், கால்கள் செயலிழந்து முடங்கினர். மானேசர் மையத்தின் முதல் இயக்குநரான விஜயலட்சுமி ரவீந்திரநாத், அதற்கு முன் பெங்களூரு நிமான்ஸில் பணியாற்றியபோது, அப்பருப்பில் உள்ள நச்சு அமினோ அமிலத்தைக் குறித்து தன் குழுவினருடன் ஆராய்ந்தார்.

சுண்டெலிகளில் நடத்தப்பட்ட இந்த ஆய்வின் முடிவு 1998-இல் வெளியானது. உடல் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியிலும், தண்டுவடத்தின் கீழ்ப் பகுதியிலும் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் புரதத் தொகுதி செயலிழப்பதும், நரம்பணுக்களின் அழிவுக்கு முன்பே இது நிகழ்வதும் தெரியவந்தது. செல்லுக்கு ஆற்றல் வழங்கும் சங்கிலியின் முதல் கண்ணி இத்தொகுதியே.

பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையிலும் இதே தொகுதியின் செயல்பாடு குறைந்திருப்பது 1989-இல் கண்டறியப்பட்டது குறிப்பிடத்தக்கது. கிராமத்து ஏழையின் முடக்கமும் முதியவரின் நடுக்கமும் செல்லுக்குள் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. கேசரி பருப்பால் முடங்கிய கால்களை மீட்கும் மருந்து இன்றளவும் இல்லை. அதைத் தேடப் புறப்படும் மாணவர், கணினியில் எவ்வளவு வல்லவராக இருப்பினும், செல்லைப் பற்றிய அடிப்படைப் பாடத்திலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.